ஆய்வாளரின் ஃபிளாஷும் ஆய்வுத்துறையின் பகட்டும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் பேருந்திலிருந்து இறங்கும் ஒரு பூச்சியியல் ஆய்வு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். கணபதி கோயில் முன்றிலில் தேங்காய் உடைபடும் ஓசை. சற்றுத் தள்ளிக் கிழக்கே கோட்டையின் பேருந்து நெரிசல். அதற்கப்பால் சாலைக் கடைத்தெரு. அவர் தோள்பையில் தவணையில் வாங்கிய தொடக்கநிலைக் கேமரா ஒன்று இருக்கிறது. கையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் எழுதிக்கொடுத்த பட்டியல்: கேமரா நிறுவனமே தயாரித்த இரட்டைத்தலை மேக்ரோ ஃபிளாஷ், இல்லையேல் அதே நிறுவனத்தின் உயர்நிலை ஃபிளாஷ். ‘இதற்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம்’ என்று அடியில் ஒரு குறிப்பு. விலையைக் கூட்டிப் பார்த்ததும் அந்த மாணவர் பெரும்பாலும் எடுக்கும் முடிவு, ஃபிளாஷ் இல்லாமலே காட்டுக்குப் போவது. அந்த முடிவுக்கான விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. அவருடைய துறையும் கொடுக்கிறது.

நல்ல மேக்ரோ படம் விலையுயர்ந்த ஃபிளாஷிலிருந்தே பிறக்கும் என்ற நம்பிக்கை கல்விப்புலத்தில் கேள்வியின்றி உலவுகிறது. பயிற்சிப் பட்டறைகளில் அது அறிவுரையாகிறது, கொள்முதல் குழுக்களில் விதியாகிறது, மாணவர்களிடையே தாழ்வுணர்ச்சியாகிறது. இயற்பியலோ இந்த நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை. சிறு உயிர்களின் படத்தைத் தீர்மானிப்பவை மூன்று: ஒளி எவ்வளவு அருகில் இருக்கிறது, அந்த உயிர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அதை எவ்வளவு நுண்மையாகக் கூட்டிக் குறைக்க முடிகிறது. முதல் இரண்டையும் எந்தக் கடையும் விற்பதில்லை. மூன்றாவதை மலிவான கருவியும் தருகிறது.

ஃபிளாஷ் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். உண்மை அளவில், அதாவது 1:1 உருப்பெருக்கத்தில், ஏ.பி.எஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் எஃப்/11 துளையில் படமெடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை எட்டாது, தோராயமாக 0.9 மில்லிமீட்டர். உருப்பெருக்கம் இரட்டிப்பானால் அது 0.3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். துளையை இன்னும் குறுக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதும் மங்கும். 1:1இல் எஃப்/11 நடைமுறையில் எஃப்/22 போலவே ஒளியை உள்ளே விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டு நிழலில் இந்தத் துளையோடு, கையில் பிடித்த கேமராவில், அசையும் உயிரைக் கூர்மையாகப் பதிவுசெய்ய இயற்கை ஒளி போதாது. ஃபிளாஷ் இங்கே அலங்காரப் பொருள் ஆகாது. அது அளவீட்டுக் கருவியின் ஒரு பகுதி.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பொன்முடி மலையிலிருந்து 2015இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ஊசித்தட்டான் புரோட்டோஸ்டிக்டா பொன்முடியென்சிஸ். இந்தப் பேரினத்தின் தட்டான்கள் நிழல் அடர்ந்த காட்டு நீரோடைகளின் ஓரத்தில் வாழ்பவை. மெலிந்த நீண்ட உடல் கொண்டவை. வெயிலுக்கு வருவது அரிது. ஓர் இனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முன்மார்பின் நிற அமைப்பையும், வயிற்று நுனியில் உள்ள சிறு பற்றுறுப்புகளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் அடையாளங்கள் அவை. உயிரோடிருக்கும்போது உள்ள நிறம் இறந்த மாதிரியில் அப்படியே நிலைப்பதில்லை. ஆகவே களத்தில் எடுக்கும் படம் ஆவணத்தின் பிரிக்க முடியாத அங்கமாகிறது. அந்த ஓடைக்கரையில் ஃபிளாஷ் இல்லாமல் நிற்கும் ஆய்வாளர் கொண்டுவருவது ‘புரோட்டோஸ்டிக்டா, இனம் தெரியவில்லை’ என்று மட்டுமே குறிக்கத்தக்க ஒரு நிழலுருவம்.

அப்படியானால் எவ்வளவு ஒளி வேண்டும்? விலை பற்றிய வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஃபிளாஷின் வலிமையைக் கைடு எண்ணால் குறிப்பார்கள். தூரத்தை மீட்டரிலும் துளையின் எண்ணையும் பெருக்கினால் கிடைப்பது அது. பொருளிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஃபிளாஷ் இருக்கிறது, நடைமுறைத் துளை எஃப்/22 என்று கொண்டால், ஐ.எஸ்.ஓ 100இல் தேவைப்படும் கைடு எண் 3.3 மட்டுமே. சிறிய ஃபிளாஷ் ஒன்றின் கைடு எண் 20 என்று குறைத்தே மதிப்பிடுவோம். அதன் முழு ஆற்றலில் ஏறத்தாழ 37இல் ஒரு பங்கு போதும். முன்னே வைக்கும் டிஃப்யூசர் நான்கில் மூன்று பங்கு ஒளியை விழுங்கிவிட்டாலும் எட்டில் அல்லது ஒன்பதில் ஒரு பங்கு போதும். ஐ.எஸ்.ஓவை 200 ஆக்கினால் அது பதினாறில் ஒரு பங்கை நெருங்கிவிடும். இது தோராயக் கணக்குதான்; மிக அருகில் தலைகீழ் இருமடி விதி அச்சுப்பிசகாமல் பொருந்தாது. ஆயினும் முடிவு மாறாது. கல்யாண மண்டபத்தை ஒளியால் நிரப்பும் ஃபிளாஷை எறும்பின் தலைக்குமேல் பிடிப்பவர், பணம் கொடுத்து வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை ஒருநாளும் பயன்படுத்துவதில்லை.

குறைந்த ஆற்றலில் எரிவது குறையும் அன்று. மேக்ரோவில் அது வரம். சாதாரணக் கேமரா ஃபிளாஷ்கள் ஆற்றலைக் குறைக்கும்போது ஒளியின் பிரகாசத்தைக் குறைப்பதில்லை. ஒளிரும் நேரத்தை வெட்டுகின்றன. கோடாக்ஸ் டி.டி.350 என்ற சிறிய ஃபிளாஷின் அறிவிக்கப்பட்ட ஒளிரும் நேரம், முழு ஆற்றலில் நொடியில் 350இல் ஒரு பங்கு. மிகக் குறைந்த ஆற்றலில் 20,000இல் ஒரு பங்கு. பிரிட்டனின் ஸ்டீபன் டால்டன் பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்து 1975இல் நூலாக்கியபோது, நொடியில் 25,000இல் ஒரு பங்கு நேரமே ஒளிரும் ஃபிளாஷைத் தனியே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய கருவி அந்த வேகத்திலும் மிகுந்த ஒளி தந்தது என்பது மெய், இரண்டும் சமமில்லை. ஆனால் இலை நுனியில் நடுங்கும் ஒரு ஊசித்தட்டானையும் ஆய்வாளரின் கை நடுக்கத்தையும் உறையவைக்க அந்தச் சிறப்புக் கருவி தேவையில்லை. மலிவான ஃபிளாஷ் குறைந்த ஆற்றலில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

விலையை ஏற்றும் சிறப்பம்சங்களில் முதலாவது அதிவேக ஷட்டர் ஒத்திசைவு. நொடியில் 200இல் அல்லது 250இல் ஒரு பங்கு என்ற வழக்கமான எல்லைக்கு மேலும் ஃபிளாஷைப் பயன்படுத்த அது உதவும். காட்டு நிழலில் அதற்கு வேலையே இல்லை. சுற்றுப்புற ஒளி படத்தில் பதிவாகாத அளவுக்குக் குறைவு, படத்தை உருவாக்குவது ஃபிளாஷின் துடிப்பு மட்டுமே. மேலும் அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே கூர்ந்த துடிப்பாக எரியாமல், ஷட்டர் கடந்து முடியும்வரை தொடர் துடிப்புகளாக எரிகிறது. ஆற்றல் வீணாகிறது, அசைவை உறையவைக்கும் திறனும் குன்றுகிறது. கூடுதல் பணம் கொடுத்து மேக்ரோவின் மிகப் பெரிய நன்மையை இழப்பது இதுவே. திறந்த வெயிலில் சுற்றுப்புற ஒளி குறுக்கிடும் என்பது உண்மை. அதற்குக் குடையின் நிழலும் ஐ.எஸ்.ஓ 100உம் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது சிறப்பம்சம் டி.டி.எல், கேமராவே ஃபிளாஷின் அளவைக் கணித்துக்கொள்ளும் முறை. உருப்பெருக்கத்தை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டு ஓடும் உயிர்களைத் துரத்துபவருக்கு அது பயனுள்ளது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது சட்டகத்துக்குள் திரும்பிவரும் ஒளியை வைத்தே முடிவெடுக்கிறது. கருவண்டு சட்டகத்தை நிறைத்தால் தேவைக்கு அதிகமாக எரியும். வெள்ளைப் பூவில் அமர்ந்த சிலந்திக்குத் தேவைக்குக் குறைவாக எரியும். ஒரே இனத்தின் இருபது மாதிரிகளை ஒப்பிடும் ஆய்வாளருக்கு வேண்டியது படத்துக்குப் படம் மாறாத ஒளி. தூரம் மாறாதிருக்கையில் கைமுறை அமைப்பு அதைத் தருகிறது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் விளக்கை மாதிரிக்கு மாதிரி தன்போக்கில் மாறவிட எவரும் சம்மதிக்க மாட்டார். களத்தில் மட்டும் அதையே உயர்ந்த தொழில்நுட்பம் என்று போற்றுவது விந்தை.

ஃபிளாஷைக் கேமராவின் தலையிலிருந்து ஏன் இறக்க வேண்டும் என்பதற்கு விடை எளிது. மேக்ரோவில் லென்ஸின் முனை பொருளை நெருங்கி நிற்கிறது. மலிவு வழியாகப் பலர் நாடும் ரேநாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற இணைப்பு லென்ஸின் வலிமை 8 டயாப்டர். அதை மாட்டினால் பொருள் 12 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கேமராவின் மேலே பொருத்திய ஃபிளாஷின் ஒளி லென்ஸ் குழாயில் மறைபட்டு, பொருளின்மேல் நிழலாக விழுகிறது. ஃபிளாஷைக் கழற்றி லென்ஸின் முனைக்கு மேலே, சற்று முன்சாய்வாக நிறுத்தினால் நிழல் அகலும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினால் புறக்கூட்டின் மேடுபள்ளமும் மயிர்களும் தெளியும். இதற்கு ஒரு நீட்டிப்புக் கம்பியோ ரேடியோ டிரிக்கரோ, ஓர் எல் வடிவத் தாங்கியோ போதும்.

அடுத்தது ஒளியின் பரப்பு. விலைப்பட்டியல்கள் பேசாத, படத்தை உண்மையில் ஆளும் அம்சம் இது. ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபிளாஷ் முகம் 15 சென்டிமீட்டரிலிருந்து பார்க்க ஏறத்தாழ 23 பாகை அகலமாகத் தெரியும். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள டிஃப்யூசரை எட்டு சென்டிமீட்டர் அருகில் கொண்டுவந்தால் அதுவே 100 பாகையைத் தாண்டும். பளபளக்கும் வண்டின் முதுகில், முசுறு எறும்பின் தலையில், தாவும் சிலந்தியின் கண்ணில் விழும் பிரதிபலிப்பு ஒளிமூலத்தின் உருவமே. மூலம் சிறியதாக இருந்தால் அது வெளுத்துச் சுட்டெரித்த ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் அடியில் இருந்த நிறமும் குழிகளும் மீளாமல் அழிந்துவிடும். மூலம் பெரியதாக இருந்தால் அதே பிரதிபலிப்பு பரவலாகி, மெல்லிய பளபளப்பாக அடங்கும். மிக விலையுயர்ந்த ஃபிளாஷை வெறுமையாகப் பயன்படுத்தியவரின் படத்தில் அழிந்துபோன அடையாளம், மலிவான ஃபிளாஷின் முன் நல்ல டிஃப்யூசர் வைத்தவரின் படத்தில் பிழைத்திருக்கும்.

அந்த டிஃப்யூசருக்கான பொருள்கள் பழவங்காடியிலிருந்து நடக்கும் தூரத்தில், சாலைக் கடைத்தெரு போன்ற எந்தச் சந்தையிலும் கிடைப்பவை: டிரேசிங் தாள், பொதிசெய்யும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள், வளையும் வெள்ளை நெகிழித் தகடு, உட்புறம் ஒட்ட அலுமினியத் தாள். இரண்டு நியதிகளை மட்டும் மீறக் கூடாது. முதலாவது, ஃபிளாஷுக்கும் வெள்ளைத் தாளுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்; இல்லையேல் தாளின் நடுப்பகுதி மட்டும் எரிந்து, பெரிய பரப்பு பயனற்றுப்போகும். இரண்டாவது, பயன்படுத்தும் பொருளில் நிறச்சாயல் இருக்கக் கூடாது. மஞ்சளித்த தாள் எல்லாத் தட்டான்களையும் மஞ்சளாக்கும். ஒவ்வொரு களநாளின் தொடக்கத்திலும் சாம்பல் அட்டை ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொள்பவருக்கு இந்தச் சிக்கலும் தீரும்.

இப்போது கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன. ஆற்றலைக் கைமுறையில் 64இல் ஒரு பங்கு, கூடுமானால் 128இல் ஒரு பங்கு வரை இறக்க முடியுமா? எடை எவ்வளவு? டி.டி.350 போன்றவை பேட்டரி நீங்கலாக 200 கிராம் அளவில் இருப்பவை; நாள் முழுவதும் கையைத் தூக்கிப் பிடிப்பவருக்குக் கைடு எண்ணைவிட இந்த எண் முக்கியம். மறுமின்னேற்ற ஏஏ பேட்டரியில் இயங்குமா? மலையடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் அவசரத்துக்கு மாற்று கிடைக்கும் பேட்டரி அது. கழற்றிப் பயன்படுத்த எந்தக் கம்பி, எந்த டிரிக்கர் பொருந்தும்? பழுதானால் எங்கே கொடுப்பது? இந்தக் கேள்விகளைத் தாண்டி வரும் எளிய கைமுறை ஃபிளாஷ்கள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மலிவானது எல்லாம் எதனோடும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய மாணவர்கள் பரவலாக வாங்கும் கேனன் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகிய கேமராக்களின் ஹாட் ஷூவில் நடுத்தொடர்புப் புள்ளி இல்லை. அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பி இயங்கும் எளிய ஃபிளாஷும் டிரிக்கரும் இவற்றில் எரியாது. கேனனின் தொடர்பு முறையைப் புரிந்துகொள்ளும் ஃபிளாஷோ டிரிக்கரோதான் வேண்டும். அதையும் அதே கேமராவில் பொருத்தி, எரியவிட்டுப் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். பழைய ஃபிளாஷை இரண்டாம் கையாக வாங்குபவருக்கு மற்றோர் ஆபத்து உண்டு. ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றின் தொடர்புப் புள்ளியில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். பன்னாட்டுத் தரநிலை கேமராவுக்கு வைத்திருக்கும் எல்லை 24 வோல்ட். இயற்பியல் துறையிலிருந்து ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்கி அளந்தால் கேமரா பிழைக்கும்.

எதிர்த்தரப்பில் மற்றொரு பகட்டும் இருக்கிறது. ‘இயற்கை ஒளியே உண்மையான ஒளி, ஃபிளாஷ் செயற்கை’ என்பது அதன் வாதம். இலைகளின் ஊடே வடிந்து வரும் காட்டொளி பச்சைச் சாயல் ஏறியது. மேகம் நகர்ந்தால் மாறுவது. காலைக்கும் மாலைக்கும் வேறுபடுவது. ஃபிளாஷின் நிறம் நடுப்பகல் வெளிச்சத்தை ஒத்தது. நாளைக்கும் அதே ஒளியை மறுபடி உருவாக்க முடியும். மறுபடி செய்து பார்க்க இயலுவதே அறிவியலின் அடிப்படை என்றால், இந்த வழக்கில் செயற்கை ஒளியே உண்மைக்கு நெருக்கமானது. கோணத்துக்கேற்ப மாறும் இறக்கை மினுக்கங்களைப் பதிவுசெய்பவர் ஒளி எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். இயற்கை ஒளியில் அந்தக் குறிப்பே சாத்தியமில்லை. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்களின் ஒரு கவலை நியாயமானது: இரவில் இயங்கும் தவளை போன்ற உயிர்களின் கண்ணெதிரே ஓயாமல் ஃபிளாஷை எரிப்பது முறையாகாது. தேவையான சில படங்களோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு விலையோடு வருவதில்லை, பயிற்சியோடு வருவது.

பணத்தின் பக்கம் திரும்பினால் பகட்டின் கொடுமை புலப்படும். கேனன் 2017இல் வெளியிட்ட எம்.டி.-26 இரட்டைத்தலை மேக்ரோ ஃபிளாஷின் அறிமுக விலை சுமார் 990 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். ஏழரை மாதம் உண்ணாமல், வாடகை தராமல் இருந்தால் அந்த ஃபிளாஷ் அவருக்கு உரித்தாகும். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் பெறும் ஜே.ஆர்.எஃப் ஆய்வாளருக்கும் அது ஏறக்குறைய இரண்டு மாத வாழ்க்கை. உதவித்தொகையே இல்லாத பகுதிநேர ஆய்வாளர்களும் முதுகலை மாணவர்களும் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. ‘இதற்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம்’ என்ற அடிக்குறிப்பு தரத்தைக் காக்கும் அறிவுரையாகத் தோன்றினாலும், யார் ஆவணப்படுத்தலாம், யார் கூடாது என்று வடிகட்டும் வேலையையே அது செய்கிறது.

விலையுயர்ந்த கருவிக்கு இடமே இல்லை என்பது வாதமன்று. ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி ஒன்றாக்குபவருக்கு வெப்பம் தாங்கும், விரைவாக மின்னேறும் கருவி வேண்டும். மழைக்காட்டில் மாதக்கணக்கில் தங்குபவருக்கு ஈரம் புகாத அமைப்பு பயன்படும். அத்தகைய தேவைகளை எழுத்தில் நிறுவியவர் வாங்கட்டும்; துறை வாங்கித் தரட்டும். ஆனால் பீரோவில் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஆய்வுக்குழு பார்வையிட வரும் நாளில் மட்டும் வெளியே எடுக்கப்படும் ஒரே ஒரு இரட்டைத்தலை ஃபிளாஷுக்கும், பத்து மாணவர்களின் பையில் காட்டுக்குப் போகும் பத்து எளிய ஃபிளாஷ்களுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், ஓர் ஆய்வுத்துறை தயங்குவதற்கு நியாயமில்லை.

துறைகள் செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. கள உயிரியல் பாடத்தில் கைடு எண் கணக்குக்கு ஒரு மணி நேரம். டிஃப்யூசர் செய்து, ஒரே வண்டை அதனோடும் அது இல்லாமலும் படமெடுத்து ஒப்பிட ஒரு பிற்பகல். ஆய்வேட்டில் கருவியின் பெயரை மட்டும் எழுதாமல் ஆற்றல் அளவு, ஃபிளாஷின் தூரம், திசை, டிஃப்யூசரின் அளவு ஆகியவற்றையும் எழுதும் வழக்கம் வர வேண்டும். கருவியின் பெயர் வாங்கியவரின் வசதியைச் சொல்லும். இந்த நான்கு குறிப்புகளே படம் எப்படி உருவானது என்பதைச் சொல்லும். மதிப்பீட்டாளர்கள் இவற்றைக் கேட்கத் தொடங்கும் நாளில், எந்த ஃபிளாஷ் என்ற கேள்வி தானாகவே இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

பழவங்காடியில் இறங்கிய அந்த மாணவர் கையிலுள்ள பட்டியலை மடித்துப் பையில் வைக்கலாம். கடையில் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ஃபிளாஷ் எவ்வளவு குறைவாக எரியும் என்பது. மிச்சமாகும் பணத்தில் கம்பியும் எட்டு மறுமின்னேற்ற பேட்டரிகளும் வாங்கிக்கொண்டு, சாலைக் கடைத்தெருவில் இரண்டு டிரேசிங் தாளும் வாங்கினால், அடுத்த மழை விட்டதும் பொன்முடியின் ஓடைக்கரைக்கு அவர் போகலாம். நிழலில் அமர்ந்திருக்கும் ஊசித்தட்டானின் முன்மார்பில் உள்ள அடையாளம் அவருடைய படத்தில் தெரியும். ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதா, பெயரை எழுதுவதா என்பதை அந்த அடையாளமே முடிவுசெய்யும். ஃபிளாஷின் மேல் பொறித்த நிறுவனப் பெயர் முடிவுசெய்யாது.